வெட்டாமல் நின்ற ஒரு சாண் மண்

1

கண்ணுகளா, இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் கையைப் பிடித்து நிறுத்தி யாரும் கேட்கக் கூடாது பாருங்கள்.

பாதிக் கதை என் வீட்டுக் கொல்லையில் கிடைத்தது. சிகாமட் ஆறு வளைந்து திரும்புகிற தாழ்ந்த பூமியில் என் வீடு இருக்கிறது. முன்பு ரப்பர்த் தோட்டத்துக்குச் சொந்தமாயிருந்த நிலம். வாழைக்கன்று வைக்கப் பக்கத்து வீட்டு மனோகரனைக் குழி வெட்டச் சொல்லியிருந்தேன். முழங்கை ஆழம் போனதும் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். "அம்மா, இங்க வந்து பாருங்கலா. மண்ணுக்குள்ள நரம்பு ஓடுது."

கையில் ஒரு கட்டி வைத்திருந்தான். அடுப்புச் சாம்பல் நிறம். அதற்குள்ளே செங்காவிக் கோடுகள், மயிரிழை தடிமனில், கிளை பிரிந்து கிளை பிரிந்து கீழே இறங்கியிருந்தன. ஏதோ ஒரு செடியின் வேர் போன வழி அது. வேர் மக்கிப் போய் எத்தனை காலமோ, வழி மட்டும் துருப்பிடித்து அப்படியே நிற்கிறது. நான் வாழைக்கன்றை மறந்துவிட்டேன்.

மறுபாதி சிகாமட் சந்தையில் கிடைத்தது. கீரை விற்கும் செல்லத்திடம் அந்தக் கட்டியைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கீரைக்குத் தண்ணீர் தெளித்தபடியே சொன்னாள்: "ஒங்க பள்ளத்துலதான் அந்தக் காலத்துல, தண்ணிய வெளிய விட மனசு வராம ஒருத்தி சங்குலும் கையுமா நின்னுக்கிட்டே இருந்தாளாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னமோ. எங்கம்மா அவ்வளவுதான் சொன்னாங்க. ரெண்டு கட்டு போதுமாம்மா?"

என் கைமுதல் இவ்வளவுதான். ஒரு மண்கட்டி, ஒரு வாக்கியம். சங்குல் என்றால் மண்வெட்டி, மலாய்க்காரர்கள் சொல்லி நம் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். மற்றதெல்லாம் நான் பிசைந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ரப்பர் விலை விழுந்துகிடந்த முப்பதுகளின் தொடக்கம். தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றப்பட்டு...

நிறுத்திவிட்டேன். விஷயமெல்லாம் சரிதான். ஆனால் கூட்டங்கூட்டமாய்ப் போகிறவர்களுக்கு முகம் இருப்பதில்லை. எனக்கு ஒருத்தி போதும்.

இரண்டாவது தொடக்கம்:

வெள்ளையம்மா நல்ல அழகி. அவளுடைய கண்கள்...

அவள் கண்களை நான் எங்கே கண்டேன்? அவள் கைகளை மட்டும் என்னால் சொல்ல முடியும். என் கொல்லை மண்ணை நானும் பிசைந்திருக்கிறேனே, அந்த மண் ஒரு கையை என்ன செய்யும் என்று தெரியும். நகக்கண்ணில் ஏறும், ரேகைக்குள் புகும், கழுவினாலும் சாம்பல் பூத்தது போல நிற்கும்.

மூன்றாவது தொடக்கம்:

மண் மாவு போல இருந்தது.

இது இருக்கட்டும்.

உண்மையாகவே மாவுதான். விரலுக்கிடையில் உரசினால் மணல் போல நெறுநெறுக்காது, களி போல ஒட்டிக்கொண்டு அடமும் பிடிக்காது. பட்டுப் போல வழுக்கும். ஆறு பெருகி வருகிறபோதெல்லாம் மலையைக் கரைத்துக் கொண்டுவந்து, தண்ணீர் தயங்கி நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. ஒரு வெள்ளத்துக்கு ஓர் ஏடு. மனோகரன் வெட்டிய குழியின் சுவரில் அந்த ஏடுகளைப் பார்த்தேன். எண்ணிப் பார்க்கலாம் என்று குனிந்தேன், தலை சுற்றியது. நான் பிறப்பதற்கு முன்னால், இங்கே தமிழ் கேட்பதற்கு முன்னால், யாருடைய காலும் படுவதற்கு முன்னால் வந்த வெள்ளமெல்லாம் ஓசைப்படாமல் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருக்கிறது. கோயிலில் நிற்கிற மாதிரி நின்றேன்.

மழை விட்டு வெயில் அடித்தால், ஆறின கஞ்சியின் மேல் ஆடை படிவது போல மேல்மண் இறுகிக்கொள்ளும். அந்த ஆடைக்குக் கீழே ஈரம். ஈரத்துக்குக் கீழே தண்ணீர். வெயில் காலத்தில் அது இடுப்பாழத்துக்கு இறங்கிவிடும், மழைக்கு மறுபடி முழங்கை ஆழத்துக்கு ஏறி நிற்கும். வற்றவும் வற்றாது, வடியவும் வடியாது.

3

வெள்ளையம்மாவுக்கு முதலில் ஒரு புருஷனைக் கொடுத்திருந்தேன். வீரமுத்து என்று பெயர். இரண்டு பக்கம் முழுக்க, தோட்டத்துக்காரர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து இருமினான். அவளை ஒரு கேள்வி கேட்டால் முந்திக்கொண்டு இவன் பதில் சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. காடு வெட்டின காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான் என்று எழுதி, அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அவனுடைய சங்குலை மட்டும் அவளுக்கு விட்டுவைத்தேன். அவன் கைக்கு அளவாகச் செதுக்கிய பிடி, அவளுக்குச் சற்று நீளம். (மனசில் வைத்துக்கொள்ளாதே, வீரமுத்து.)

ஆக, வெள்ளையம்மா தனி ஆள். தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். ஒருநாள் காலை, ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணி செல்லப்பன் அவளை முன்னே கூப்பிட்டார்.

"வேலை இல்ல ஆத்தா. தொரை சொல்லியாச்சு. மூட்டையக் கட்டு, ஊருக்குக் கப்பலு."

"நான் போகல கங்காணியாரே."

"போகாம? இது என்ன ஒங்க மாமியா வீடா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஆத்துப் பள்ளம் சும்மாத்தானே கெடக்கு. அதுல எதையாச்சும் போட்டுப் பொழச்சுக்கிறேன்."

"அந்தப் பள்ளத்துலயா? ரப்பர் கன்னு வெச்சுப் பாத்தோமே! ஆளு ஒசரம் வந்ததும் வேர் அழுகிப் படுத்துக்கிச்சு. மரமே நிக்க மாட்டேன்னு சொன்ன மண்ணு, நீ நிக்கப் போறியா?"

"நின்னு பாக்கிறேன்."

செல்லப்பன் தலையைச் சொறிந்தார். அவரைக் கொடுமைக்காரராக எழுதத்தான் முதலில் நினைத்தேன், அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"சரி போ. தீபாவளிக்கு வந்து பாப்பேன். பள்ளத்துல பச்சை தெரிஞ்சா நீ இருக்கலாம், தொரைகிட்ட நான் பேசிக்கிறேன். தெரியலன்னா கப்பலு. அப்ப அழக் கூடாது."

4

ஊருக்குப் போக அவளுக்கு ஏன் மனமில்லை? இந்த இடத்தில்தான் எழுதுகோல் நின்று நின்று போயிற்று. கொடுமைக்கார மாமியார், கடன், காதல் என்று எதை எதையோ வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. 'தண்ணிய வெளிய விட மனசு வராம' என்று செல்லம் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் கிணறு கண்ணில் பட்டது.

வெள்ளையம்மா பிறந்த ஊரில் ஒரே கிணறு. அவள் தெருக்காரர்கள் அதில் கயிறு போடக் கூடாது. குடத்தை எட்ட வைத்துவிட்டு, இன்னும் எட்டப் போய் நிற்க வேண்டும். தண்ணீர் இறைக்க வருகிற யாருக்காவது மனசு வந்தால் ஊற்றுவார்கள். காலையில் போய் நின்று உச்சிவெயில் வரைக்கும் நின்றிருக்கிறாள். ஒருமுறை ஒருத்தி உயரத்திலிருந்து ஊற்றியதில் பாதி வெளியே சிந்தியது. செம்மண் 'சுர்' என்று குடித்துவிட்டது. ஏழு வயது வெள்ளையம்மா அந்த ஈரத் திட்டு காய்ந்து மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இப்போது பள்ளத்துக்கு வாருங்கள். குடிசைக்குக் கால் நடக் குழி தோண்டுகிறாள். முழங்கை ஆழம். குழியின் அடிமண் வியர்த்தது. வியர்வை துளியாயிற்று, துளிகள் சேர்ந்து கண்ணாடிச் சில்லு மாதிரி பளிச்சென்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓசையே இல்லாமல் ஏறிற்று. குழிக்குள் வானம் தெரிந்தது, வானத்துக்கு நடுவில் அவள் முகம்.

அவள் மண்டியிட்டு விட்டாள்.

அடுத்த லயத்துக் கிருஷ்ணம்மா விறகுக் கட்டோடு அந்த வழியாக வந்தாள். "என்னடி, குழிக்குள்ள பேயா?"

"கிட்ணம்மா, தண்ணிடி. கூப்பிடாமயே வருதுடி."

"மழ பேயுற ஊர்ல தண்ணி வராம கள்ளா வரும்? கள்ளு வந்தா சொல்லு, நானும் கும்பிடுறேன்."

வெள்ளையம்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளினாள். தெளியாத தண்ணீர், வாயில் இரும்பு ருசி. ஊற்ற ஆள் இல்லை, காத்து நிற்க வேண்டியதில்லை. தன் காலடியில், தன் குழியில், தானாக வந்த தண்ணீர். குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் கப்பலேற மாட்டேன்."

குடிசைக்கால் வேறு குழியில் நின்றது. தண்ணீர் வந்த குழியைச் சுற்றிக் கல் வைத்தாள்.*

* சிகாமட் பக்கம் ஆற்றோரத்தில் அவ்வளவு கல் ஏது என்று கேட்பீர்கள். ரயில் பாதையில் எடுத்திருப்பாள். நான் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை.

5

இனி அவள் செய்த தப்பு.

வறண்ட சீமையில் பாத்தி எப்படிக் கட்டுவார்கள்? நாலு பக்கமும் வரப்பை உயர்த்தி, நடுவைப் பள்ளமாக விடுவார்கள். விழுகிற சொட்டு ஓடிவிடக் கூடாது. கைக்குழந்தையை மடியில் கிடத்திக்கொள்கிற மாதிரி தண்ணீரை மண் ஏந்திக்கொள்ள வேண்டும். அவளுக்கு அந்த ஒரு பாத்திதான் தெரியும். ஆற்றுப் பள்ளத்தில், அடியிலிருந்தே தண்ணீர் ஏறி வருகிற மண்ணில், வரப்பு கட்டினாள். அழகென்றால் அப்படி ஓர் அழகு. வண்டல் மண் சொன்னபடி கேட்கும், சுவரைப் போல வழித்துவிடலாம்.

கையிலிருந்த வெண்டை விதையில் பாதியைப் போட்டாள், மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள். விதை முளைத்தது. மண்ணின் ஆடையைப் பிளந்துகொண்டு இரண்டு இரண்டு இலையாக வந்தன. கிருஷ்ணம்மாவே வாயைப் பிளந்தாள்.

பிறகு மழை. பாத்தி நிறைந்தது. வெயில் வந்தது, இலைகள் தலை தொங்கின.

கண்ணுகளா, இந்த இடத்தைத்தான் நான் பலமுறை அடித்து அடித்து எழுதினேன். தாகத்தில் வாடுகிற செடியும் மூழ்கி வாடுகிற செடியும் ஒன்றுபோலத்தான் தலை தொங்கும். வேருக்கு மூச்சு முட்டினால் அது தண்ணீரையும் உறிஞ்சாது. ஆகவே, சுற்றித் தண்ணீர் நிற்க, செடி தாகத்தில் சாகும். இது எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் வெள்ளையம்மா வாழ்நாளெல்லாம் தாகத்தை மட்டுமே பார்த்தவள். தலை தொங்கிய செடியைக் கண்டதும் அவளுக்கு ஒன்றுதான் தோன்றும்.

ஓடிப்போய்க் குழியிலிருந்து மொண்டு வந்து ஊற்றினாள்.

மறுநாள் இன்னும் தொங்கின. இன்னும் ஊற்றினாள். "குடிங்கடா, குடிங்க. ஒங்களுக்கு இல்லாத தண்ணியா?" என்று ஒவ்வொரு செடியின் அடியிலும் குனிந்து குனிந்து ஊற்றினாள். ஊற்றுகிறவளாக அவள் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை நான் குறுக்கே போய்க் கெடுக்கவில்லை. கெடுத்திருந்தால் செடி பிழைத்திருக்கும், கதை செத்திருக்கும்.

6

ஆற்றின் மேல்வளைவில் ஆ லான் என்ற சீனத்தி காய்கறி போட்டிருந்தாள். வெள்ளையம்மாவின் வயதுதான் இருக்கும். அவளுடைய பாத்திகள் முதுகு தூக்கின எருமைகள் மாதிரி உயர்ந்திருந்தன. நடுவில் நடுவில் வாய்க்கால். தண்ணீர் அத்தனையும் வீணாக ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வெள்ளையம்மாவுக்கு வயிறு எரியும். 'என்ன பொம்பள இவ, குடியிருக்கிற வீட்டுத் தண்ணிய இப்படியா தொரத்துவா!'

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளை ஆ லான் ஒருநாள் வரப்புமேல் நின்று பார்த்தாள். பார்த்துப் பொறுக்காமல் இறங்கி வந்து வாளியைப் பிடுங்கினாள்.

"ஏய்! குடு இங்க!"

"தா போலே! தா போலே!" கூடாது, கூடாது என்று கத்தினாள். சந்தை மலாய் இருவருக்கும் அரைகுறை. அதனால் சத்தம்தான் அதிகம். ஆ லான் ஒரு வெண்டைச் செடியைப் பிடுங்கி, வேரை வெள்ளையம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. கூமுட்டை நாற்றம்.

"ஆயர்! புவாங்லா!"

தண்ணீர். எறி. தோட்டத்தில் அழுக்குப் பாலை எறியச் சொல்லக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பழகின சொல்தான் அது. தண்ணீரோடு சேர்த்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"நீ வேணா எறி. ஒனக்குக் கெணத்தடியில நின்னு பழக்கமில்ல."

தமிழில்தான் சொன்னாள். ஆ லானுக்கு என்ன புரிந்ததோ, வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, கழுத்தைத் தொட்டுக் காட்டி, மூச்சு முட்டுகிற மாதிரி கண்ணைப் பிதுக்கினாள். பார்க்கச் சிரிப்பு வரவேண்டும். வெள்ளையம்மாவுக்கு வரவில்லை.

ஆ லான் போன பிறகு வெள்ளையம்மா இன்னொரு செடியைக் கட்டியோடு பெயர்த்துப் பிளந்தாள். கீழே சாம்பல் மண்ணில் வேர் கறுத்துக் கிடந்தது. மேலே, தண்ணீர் எட்டாத நாலு விரல் உயரத்தில், வேரைச் சுற்றி மண் செந்தூரமாக நின்றது. குங்குமம் வைத்த மாதிரி, அவ்வளவு மெல்லிசாக. உயிரோடு இருந்த இடத்தில் சிவப்பு, செத்த இடத்தில் சாம்பல். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கட்டியைக் கையில் ஏந்தியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.**

 ** மண்ணைப் பற்றிப் படித்த ஒருவர் எனக்கு விளக்கினார். தண்ணீர் தேங்கின மண்ணில் காற்று இல்லாமல் இரும்பெல்லாம் கரைந்துபோகும், மண் வெளிறிவிடும். வேர் போகிற வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கினாலே, பட்ட இடத்தில் இரும்பு துருவாகி ஒட்டிக்கொள்ளும். சாம்பல் என்றால் தண்ணீர் நின்றது. சிவப்பு என்றால் தண்ணீர் விலகிக் காற்று வந்தது. "இரண்டும் கலந்திருந்தால்?" என்றேன். "வந்திருக்கிறது, போயுமிருக்கிறது," என்றார்.

7

மறுநாள் விடிந்ததும் வரப்புகளைச் சரித்தாள். பாத்தியை உயர்த்தினாள். நீளப் பிடிச் சங்குலோடு மல்லுக்கட்டி, பாத்தி ஓரத்திலிருந்து ஆற்றுச் சரிவு வரைக்கும் வாய்க்கால் எடுத்தாள். எடுக்க எடுக்கத் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஊறி வந்து அவள் பின்னாலேயே நடந்தது, நாய்க்குட்டி மாதிரி. சரிவுக்கு வந்தபோது ஒரு சாண் மண் மிச்சம். இந்தப் பக்கம் நிறைந்து நிற்கும் வாய்க்கால், அந்தப் பக்கம் ஆறு.

நின்றுவிட்டாள்.

மீதி விதை முந்தானையில் இருந்தது. இன்று போட்டால் தீபாவளிக்குப் பச்சை. தண்ணீர் வடியாமல் போட்டால் அதுவும் அழுகும். அப்புறம் கப்பல், அப்புறம் ஊர். எட்ட வைத்த குடம்.

வாய்க்காலைத் திறந்தால் கல் வைத்த குழியும் வற்றுமோ என்னவோ. அவளுக்குத் தெரியாது. எனக்கும்.

கிருஷ்ணம்மா வந்தாள். அடுத்த வாரம் கப்பலேறப் போகிறவள். மூட்டை கட்டக் கயிறு தேடி அலைந்தவள் இவளைப் பார்த்து நின்றாள்.

"என்னடி நிக்கிற? வெட்டு."

"வெட்டணும்."

"ஒரு போடு. அவ்வளவுதான். நான் வேணா போடட்டுமா?"

"தொட்டே, கைய ஒடிப்பேன்."

"அடியாத்தீ! ஆத்துக்குத்தானடி போகுது, அடுத்தவன் வீட்டுக்கா போகுது?"

"கிட்ணம்மா, நீ அங்க போனதும் அந்தக் கெணத்தடியிலதானே போய் நிக்கணும்?"

கிருஷ்ணம்மாவும் அதே தெருக்காரி. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். காற்றில்லை. வாய்க்காலில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது.

8

இனி நான் முடிக்க வேண்டும். மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் வெட்டினாள். வெண்டை காய்த்தது, கங்காணி மூக்கில் விரலை வைத்தார். நீங்கள் சந்தோஷமாகத் தூங்கப் போவீர்கள். எனக்குத்தான் தூக்கம் வராது. ஒரு போடு போட அவளுக்கு அவ்வளவு எளிதாயிருந்தால் செல்லத்தின் அம்மா அதைச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

இரண்டாவதில் ஆறு பெருகியது. வெள்ளம் அந்தச் சாண் மண்ணைத் தானே அடித்துக்கொண்டு போய், புதிதாக ஓர் ஏடு போர்த்தி... வெள்ளத்தைக் கூப்பிட்டால் கதை எழுதுகிறவளுக்கு வேலை மிச்சம். வெள்ளையம்மாவுக்கு அது மரியாதையில்லை. கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் ஆ லான் வந்து வெட்டினாள். அதை எழுதி முடித்த கையோடு, "தொட்டே, கைய ஒடிப்பேன்" என்று பக்கத்திலிருந்து குரல் கேட்டது. எனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஆக, எனக்குக் கேட்ட மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

வெகுநேரம் கழித்துக் கிருஷ்ணம்மா மெதுவாகக் கேட்டாள்: "வெட்டப் போறியா, கும்பிடப் போறியா? ஏதாவது ஒண்ணு சொல்லிட்டு நில்லுடி."

"கொஞ்சம் இரு," என்றாள் வெள்ளையம்மா. "கேட்டுட்டு."

"யார்கிட்ட?"

வெள்ளையம்மா சங்குலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்தச் சாண் மண்ணின் மேல் உட்கார்ந்து, இடது கையைத் தண்ணீருக்குள் விட்டாள். உதடு அசைந்தது. பிறந்ததிலிருந்து தண்ணீருக்காக எல்லாரையும் கேட்டு நின்றவள், தண்ணீரையே கேட்டது அன்றைக்குத்தான்.

9

மனோகரன் எடுத்த கட்டி என் மேசைமேல் இருக்கிறது. காய்ந்து லேசாகிவிட்டது, ஓரம் உதிர்கிறது. அதிகமாகத் தொடுவதில்லை.

முழங்கை ஆழத்தில் எடுத்தது. சாம்பலும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது. தண்ணீர் அங்கே நின்றிருக்கிறது, ஒருநாள் போயுமிருக்கிறது. அது போன வழியாக ஏதோ ஒரு வேர் அவ்வளவு ஆழம் மூச்சுவிட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறது. வெண்டையோ, காட்டுப் புல்லோ. வெயில் காலத்தில் தண்ணீர் தானாக இறங்கிற்றோ, ஒருத்தி கேட்டு, அது சரியென்று சொல்லிப் போயிற்றோ. மண் அதை இவ்வளவு காலமாக வைத்திருக்கிறது, ஆனால் வாய் திறக்கவில்லை.

கையை நீட்டுங்கள். இதோ, வைத்துவிட்டேன். கனமே இருக்காது, பயப்படாதீர்கள். நகத்தை அந்தச் சிவப்பு இழையின் ஓரமாக வைத்து, மெல்ல, மெல்லப் பிளந்து பாருங்கள்.